உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு புளியமரமும் ஒரு டாரன்டுலாவும்

பிப்ரவரி முதல் சனிக்கிழமை. காலை ஆறே காலுக்கு ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனி வண்டிகள் நிற்கும் பக்கம் பாபு எனக்காகக் காத்திருந்தான். தோளில் கேமரா பை, கையில் வடை மடித்த காகிதம். சோழவந்தானிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திறங்கிய என்னிடம் அவன் கேட்ட முதல் கேள்வி:

"மாப்ள, அது குதிக்குமா?"

"குதிக்காது. ரொம்ப வேகமா ஓடும்."

"இத நீ நேத்தே சொல்லியிருக்கணும்."

பாபு என்னோடு கல்லூரியில் படித்தவன். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் சேலை வியாபாரம், இவன் மட்டும் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறான். மோதிரத்தையும் மருதாணியையும் நெருக்கத்தில் எடுப்பதற்கென்று அவன் வாங்கிய லென்ஸ் ஒன்று உண்டு. எனக்கு வேண்டியது அந்த லென்ஸ். குளியலறையில் எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் துண்டோடு வெளியே ஓடிவருகிற ஆள் என்பதால் லென்ஸை மட்டும் கேட்டேன். அதைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அவனும் கூடவே வந்துவிட்டான்.

பயணத்துக்குக் காரணம் ஒச்சப்பன் அண்ணன். உசிலம்பட்டியில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். அவர் மகள் படிக்கும் பள்ளியில் போன வருடம் பாம்பு, தேள், சிலந்தி பற்றிப் பேசப் போயிருந்தேன். விலங்கியல் முதுகலை முடித்துவிட்டு ஒரு கல்லூரி ஆய்வகத்தில் தற்காலிக வேலையில் இருக்கிற எனக்கு, இப்படிப் பேசப் போவது ஒரு பழக்கம். பேசி முடித்ததும் வழக்கம்போல் என் எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வந்தேன். வியாழக்கிழமை அந்த எண்ணுக்கு ஒரு படம் வந்தது. புளியமரப் பட்டையில் ஒட்டிக்கிடந்த சாம்பல் நிற டாரன்டுலா. காலை விரித்தால் என் உள்ளங்கையை மறைக்கும் அளவு. அடுத்த நிமிடமே போனும் வந்தது.

"தம்பி, எங்க சித்தியச் சிலந்தி கடிச்சிருச்சு. கை வீங்கிக் கெடக்கு. இந்த மரத்துலதான் அது குடியிருக்கு. சித்தி மகன் சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள மரத்த அறுக்கச் சொல்லிட்டான். மிஷின்காரர்ட்ட பேசியாச்சு. அதுக்கு முன்னாடி நீங்க பாக்கணும்னா வாங்க."

ஆக, நாங்கள் புறப்பட்டபோது தெரிந்தது இவ்வளவுதான். மதியத்துக்குள் மரம் விழும். அதற்குள் நான் பார்க்க வேண்டும்.

ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். காளவாசல் தாண்டியதும் வலப்பக்கம் நாகமலை கூடவே வருகிறது. நீளமான, உயரமில்லாத பாறைத் தொடர். செக்கானூரணி வரை தென்னையும் வாழையும் ஆங்காங்கே தெரியும். அதற்கு மேல் கருமாத்தூர்ப் பக்கம் நிலம் காய்ந்துகொண்டே போய், சோளத்தட்டை அறுத்த கட்டாந்தரையும் வேலிக்கருவேலும் மிஞ்சுகின்றன. தண்ணீர் பாய்கிற வயலோரம் வளர்ந்த எனக்கு இந்த மானாவாரிக் காடு இன்னும் பழகவில்லை. மழையை நம்பி விதைக்கிறார்கள். மழை தவறினால் மரமும் மாடும்தான் கைகொடுக்கின்றன. புளியமரங்கள் பெரிதாக நிற்பதும் இந்தப் பக்கம்தான்.

மூடியில் ஊசித்துளை போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் அதையே பார்த்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார்.

"தம்பி, டப்பாவுல என்ன?"

"ஒண்ணும் இல்லண்ணே. காலி டப்பா."

"காலி டப்பாவுக்கா காத்து வர ஓட்ட போட்டு வச்சிருக்கீக?"

அவர் எங்களைத் தாண்டிப் போனதும் முன்சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தார்.

வாசகர்களுக்கு அந்த உயிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒச்சப்பன் அண்ணன் அனுப்பிய படத்தில் இருந்தது பொயிசிலோத்தீரியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. பல வண்ண விலங்கு என்று பெயருக்குப் பொருள். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. மற்ற பல டாரன்டுலாக்கள் மண்ணில் வளை தோண்டும்; இது மரப்பொந்தில் இருக்கும். மேலிருந்து பார்த்தால் பட்டையில் படர்ந்த பாசிபோலச் சாம்பலும் கறுப்பும் வெள்ளையும் கலந்திருக்கும். வயிற்றின் முதுகுப்புறம் நடுவில் ஒரு வெளிர் பட்டை ஓடும், ஓரம் இலை விளிம்புபோல வெட்டுப்பட்டிருக்கும். அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலாக்கள் பல, வயிற்று மயிரை உதறி அரிப்பு உண்டாக்கும். இதற்கு அந்த மயிர் கிடையாது. தப்பிக்க ஓடும், முடியாவிட்டால் கடிக்கும்.

சிக்கல் எங்கே என்றால், இந்தப் பேரினத்தில் ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் மேல்பார்வையில் பெரிய வித்தியாசம் தெரியாது. அடையாளமெல்லாம் அடியில் இருக்கிறது. முன்னங்கால்களின் அடிப்புறத்தில் மஞ்சளும் கறுப்பும் எந்தக் கணுவில் எப்படி மாறுகின்றன, கடைசி ஜோடிக் கால்களின் அடியில் கறுப்பு எவ்வளவு அகலம், வயிற்றின் அடியில் குறுக்காக ஒரு வெளிர் பட்டை உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டும். அந்தப் பட்டை இருந்தால் அது தீபகற்ப இந்தியாவில் பல இடங்களில் காணப்படும் வகையாக இருக்கலாம். இல்லையென்றால் வேறு வகைகளை யோசிக்க வேண்டும்; ராமேஸ்வரம் தீவின் பெயரோடு அறியப்படும் அரிய வகை அவற்றில் ஒன்று. மதுரைக்கு மேற்கே அது இருப்பதாக உறுதியான பதிவு எதையும் நான் பார்த்ததில்லை. வியாழக்கிழமை இரவு எனக்குத் தூக்கம் வராததற்கு அதுதான் காரணம்.

ஏழே முக்காலுக்கு உசிலம்பட்டியில் இறங்கினோம். ஒச்சப்பன் அண்ணன் குட்டியானையோடு நின்றார். நாற்பது வயதிருக்கும், வெற்றிலை போட்ட வாய், பேச்சில் அவசரம். டீ வாங்கித் தந்துவிட்டு முன்சீட்டில் எங்கள் இருவரையும் நெருக்கி உட்காரவைத்தார்.

அங்கிருந்து கிராமத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். எந்தத் திசை, எந்த ஊர் என்று இதில் எழுதவில்லை. இந்த டாரன்டுலாக்களை வளர்ப்புப் பிராணியாக விலைக்கு வாங்க வெளிநாட்டில் ஆள் இருக்கிறார்கள். விலாசம் தெரிந்தால் பொந்தைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். பயணக் கட்டுரையில் ஊர்ப்பெயரை மறைப்பது முறையல்ல என்று தெரியும். மன்னிக்க வேண்டும்.

"சித்திக்கு ஒரே மகன் செந்திலு," என்றார் ஒச்சப்பன் அண்ணன், கியரை மாற்றியபடி. "இஞ்சினியரிங் படிச்சிட்டுத் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான். பதினஞ்சு நாளைக்கு முன்னாடி சித்தி போன்ல, கையில சிலந்தின்னு சொல்லியிருக்கு. பய பதறிட்டான். தீவாளிக்கு வந்தப்ப அந்தப் பூச்சிய மரத்துல பாத்துருக்கான்ல. ஒடனே எனக்குப் போனு. நான் மருந்துக்கடைல சிலந்திக்கடின்னு சொல்லி மாத்திர வாங்கிக் குடுத்தேன். வீக்கம் கேக்கல."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையாண்ணே?"

"வந்தாத்தான. இதுக்குப் போயி ஆஸ்பத்திரியாங்குது. கடிச்சது தானா எறங்கிரும்னு நானும் விட்டுட்டேன்."

மரம் தனியாக நின்றது. சித்தியின் காட்டுக்கும் வண்டிப்பாதைக்கும் நடுவில், இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத தூர். கிளைகள் நிறையக் காய் தொங்கியது, ஓடு இன்னும் முழுக்கக் காயவில்லை. நிழலில் ஒரு மோட்டார் சைக்கிள். அதன் பின்சீட்டில் சாக்கில் சுற்றிய அறுப்பு மிஷின். மிஷின்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மாள் சித்தி தூரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது சொல்லலாம். வலது கையில் மஞ்சள் பூசிய வேட்டித்துணி சுற்றியிருந்தது. உதிர்ந்த காய்களை இடது கையால் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டே எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"இவுகதான் மதுரைக்காரகளா? மரத்தப் பாக்க வந்தீகளா, வெட்ட வந்தீகளா?"

"பாக்கத்தாம்மா."

"பாருங்க. மத்தியானத்துக்கு மேல பாக்க இருக்காது." ஒச்சப்பன் அண்ணனைக் கண்ணால் காட்டினார். "எம்பிள்ள திருப்பூர்லருந்து ஒரு சொல்லு சொன்னா, இவன் இங்க தலைய ஆட்டுவான். மரம் எம்பேர்ல இருக்கு. சோப்பு வாங்கக்கூட அவன்ட்ட நான் கையேந்துனதில்ல. இந்தப் புளிதான். அத எவனும் ரோசிக்கல."

"சித்தி, ஒனக்குக் கை போனா புளிய வச்சு என்ன செய்யிறது?"

"நான் மரத்துக்குத்தான் மிஷின் கொண்டாந்தேன்," என்றார் மிஷின்காரர் பொதுவாக. "பஞ்சாயத்துக்கு இல்ல. பன்னண்டு மணி வரைக்கும் இருப்பேன்."

பொந்து ஆள் உயரத்துக்கும் மேலே இருந்தது. என்றோ ஒரு கிளை முறிந்து விழுந்த இடம். ஒச்சப்பன் அண்ணன் குட்டியானையைப் பின்னால் எடுத்து மரத்தோடு ஒட்டி நிறுத்தினார். பின்தட்டில் ஏறி நின்றால் பொந்து முகத்துக்கு நேராக வந்தது. பாபு ஏறுவதற்கு முன் கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டான். "அது மேல இருக்கு மாப்ள, கீழ இருந்து வராது," என்றேன். "அதுக்கு அது தெரியுமா?" என்றான்.

பொந்தின் வாயில் மெல்லிய வலை, பழைய துணி கிழிந்ததுபோல. அதில் ஒரு சட்டை சிக்கியிருந்தது. பாம்பு உரிப்பதுபோல இவையும் வளர வளரத் தோலை உரிக்கின்றன. எட்டுக் காலும் பல்லும் முழுசாக இருப்பதால் பார்க்கிறவர் செத்த பூச்சி என்றே நினைப்பார்கள். இடுக்கியால் எடுத்து டப்பாவில் வைத்தேன். உயிரோடு பிடிக்க எனக்கு அனுமதி கிடையாது; பிடிக்கும் எண்ணமும் இல்லை. சட்டை கிடைத்ததே அதிர்ஷ்டம். கவிழ்த்துப் பார்த்தேன். முன்னங்கால்களின் அடியில் மஞ்சள் மங்கித் தெரிந்தது. நடுவில் கறுப்புப் பட்டை. பின்னங்கால்களின் அடி வெளிறி, கறுப்பு ஒடுங்கியிருந்தது. வயிற்றுத் தோல் மட்டும் எப்போதும்போல் சுருங்கிக் கசங்கிப் போயிருந்தது. பட்டை இருந்ததா இல்லையா என்று அதில் சொல்ல முடியாது.

மிச்சத்தை உயிரோடு இருப்பதிடம்தான் பார்க்க வேண்டும். டார்ச் அடித்தேன். பொந்துக்குள் ஒரு சாண் ஆழத்தில் தட்டையாக ஒட்டிக்கிடந்தது. தெரியாதவர் கண்ணுக்குப் பட்டையின் ஒரு செதில். நீளமான துடைப்பக் குச்சியால் அதன் முன்னால் மெல்லத் தட்டினேன். முதல் தட்டுக்கு அசையவில்லை. இரண்டாவதுக்கு ஒரு காலை மட்டும் உள்ளிழுத்தது. மூன்றாவதில் முன்பகுதி முழுக்க எழும்பி, முன்னங்கால்கள் இரண்டும் மேலே விரிந்தன. அந்தச் சாம்பல் உடம்புக்குள் அப்படி ஒரு மஞ்சள் இருக்கும் என்று மேலிருந்து பார்த்தால் நம்ப முடியாது. பூவரசம்பூ மஞ்சள், குறுக்கே மை தீட்டியதுபோலக் கறுப்பு. எதிரியை மிரட்டுவதற்கான கோலம் அது.

"பாபு, எடு."

"எடுத்துட்டேன். எறங்கிட்டேன்." குரல் தரையிலிருந்து வந்தது.

ஒரே படம்தான் கிடைத்திருந்தது. நல்ல படம். கால்களின் அடி அத்தனையும் துல்லியம்; வயிறு மட்டும் பொந்தின் நிழலில். திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் சாய்த்தால் வெளிர் பட்டை இருப்பதுபோலத் தெரிந்தது, இன்னொரு பக்கம் சாய்த்தால் காணோம். மறுபடி தட்டிப் பார்க்கலாம் என்று டார்ச்சை அடித்தபோது அது கண்ணுக்கெட்டாத ஆழத்துக்குப் போயிருந்தது. மிரண்டதை மேலும் மிரட்டுவதில் பலன் இல்லை. இன்னொரு நாள் வர வேண்டும். இன்னொரு நாள் மரம் இருக்க வேண்டுமே.

கீழே இறங்கியதும் குறிப்புக்காகச் சித்தியிடம் கேட்டேன். "அம்மா, இதுக்கு இந்தப் பக்கம் என்ன பேரு?"

"எதுக்கு?"

"இந்த மரத்துல இருக்கே, இதுக்கு."

"எட்டுக்கால் பூச்சி. பெரிய எட்டுக்கால் பூச்சின்னு வச்சுக்க. தனியாப் பேரு எதுக்குப்பா? அத யாரு கூப்பிடப் போறா?"

"சிலந்தின்னு சொல்ல மாட்டீகளா?"

சித்தி காய் பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சிலந்தி அங்க எங்கருந்து வந்துச்சு? சிலந்தி இது." துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினார்.

"அதாம்மா, அது கடிச்ச எடத்த—"

"எது கடிச்ச எடம்? எதுவும் கடிக்கல. சிலந்தி வந்து பழுக்காமக் கல்லாட்டம் கெடக்கு. பதினஞ்சு நாளாச் சொல்றேன்."

துணியை அவிழ்த்தார். புறங்கையில், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, எலுமிச்சை அளவுக்குச் சிவந்து பளபளக்கும் ஒரு கட்டி. கடிவாய் என்று எதுவும் இல்லை. சுற்றிலும் வீக்கம் மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது.

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சீழ் வைக்கும் கட்டிக்குச் சிலந்தி என்று பெயர் உண்டு. எங்கோ படித்திருக்கிறேன், வாயால் சொல்லிக் கேட்ட நினைவு இல்லை. எங்கள் பேச்சில் பூச்சி எப்போதும் எட்டுக்கால் பூச்சிதான். சிலந்தி என்பது பாடப்புத்தகத்தில் படம் போட்டு எழுதியிருந்த சொல். புத்தகம் பிடித்த எங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் எட்டுக் கால்கள் வந்து நின்றுவிடுகின்றன. செந்திலுக்கு அப்படித்தான் வந்திருக்கிறது. அவன் ஒச்சப்பன் அண்ணனிடம் சொல்லும்போது கடி சேர்ந்திருக்கிறது. அவர் மருந்துக்கடையில் சொல்லி, அலர்ஜி மாத்திரையாகச் சித்தியிடம் திரும்பி வந்திருக்கிறது.

"சித்தி, இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" என்றார் ஒச்சப்பன் அண்ணன்.

"வேற எப்படிடா சொல்ல? சிலந்தி சிலந்தின்னு தொண்டை வத்திப்போச்சு. நீதான் மாத்திரையாக் கொண்டாந்து போட்ட."

"நான் கடிச்சிருச்சுன்னு நெனச்சு..."

"கடிச்சிருச்சான்னு எங்கிட்ட எவனாச்சும் கேட்டீகளா?"

மிஷின்காரர் பல் குத்துவதை நிறுத்தினார். "அப்ப மரம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் திருப்பூரில் இருந்தது. ஒச்சப்பன் அண்ணன் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். எதிர்முனையில் வெகுநேரம் பேச்சு. பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"பிரதர், செந்தில் பேசுறேன்." குரலில் தூக்கமின்மை தெரிந்தது. "அம்மாவக் கடிக்கல, சரி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது கடிக்குமா, கடிக்காதா?"

கடிக்காது என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஒச்சப்பன் அண்ணன் கண்ணால் அதைத்தான் சொல்லச் சொன்னார். ஆனால் தெரிந்த விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"கடிக்கும். பொந்துக்குள்ள கைய விட்டா, நசுக்கப் போனா கடிக்கும். கடிச்சா வலி கடுமையா இருக்கும், தசைப் பிடிப்பு நாள்கணக்கா இருக்கலாம். யாரும் செத்ததா நான் படிச்சதில்ல. மனுசனத் தேடி வந்து கடிக்காது."

"எங்கம்மா அந்த மரத்தடியிலயே கெடக்கிறவங்க."

"தெரியும்."

"உங்க ஆராய்ச்சிக்கு மரம் வேணும், இல்லையா? நானா இருந்தாலும் வெட்ட வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

"எனக்கு வேணும்தான். அதுக்காகக் கடிக்காதுன்னு சொல்லல."

"அப்ப வெட்டட்டும் பிரதர்," என்றான். போன் நின்றது.

சித்தி துணியைத் திரும்பச் சுற்ற முயன்றார், விரல் மடங்கவில்லை. கை விஷயம் மரத்தைவிட அவசரம் என்று பாபு சொன்னான். அவன் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ஒரு கட்டி ஆறாமல் போய் அவர் பட்ட பாட்டை வீட்டில் பார்த்தவன். "அத்தே, தாகம் அதிகமா எடுக்குதா? ராத்திரி அடிக்கடி எந்திரிக்கிறீங்களா?" என்று கேட்டான். இரண்டுக்கும் ஆமாம் என்றார். எப்போதாவது சர்க்கரை பார்த்ததுண்டா என்றதற்கு, பார்த்ததில்லை என்றார்.

"ஆஸ்பத்திரிக்கு வாரேன்," என்றார் சித்தி எழுந்து. மிஷின்காரரிடம் திரும்பினார். "நான் வார வரைக்கும் சாக்க அவுக்காத."

"பன்னண்டு மணிக்கு வேற எடம் இருக்குத்தா."

"இருந்தா போ. போறதுன்னா மரத்த விட்டுட்டுப் போ."

குட்டியானையின் முன்சீட்டில் சித்தி. பின்தட்டில் பாபுவும் நானும் ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். டப்பா என் மடியில் இருந்தது. பாபு வழிநெடுக அதிலிருந்து ஒரு முழம் தள்ளியே இருந்தான். வெறும் சட்டைதான் என்று இரண்டு முறை சொன்னேன்.

உசிலம்பட்டியில் ஆஸ்பத்திரிச் சீட்டுப் போடும் இடத்தில் என்ன தொந்தரவு என்று கேட்டார்கள். ஒச்சப்பன் அண்ணன் பதினைந்து நாள் பழக்கத்தில், "சிலந்தி," என்று ஆரம்பித்தார். எழுதுகிற பெண் நிமிர்ந்து, "எப்பக் கடிச்சது?" என்றார். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில், "கட்டி," என்றோம்.

டாக்டர் இளம்பெண். கையைப் பார்த்தார், அழுத்தினார், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். அளவு மிக அதிகம். "இது இன்னும் உள்ளாற இறங்கியிருந்தா விரலுக்கே ஆபத்தாயிருக்கும்மா. ஏன் இத்தன நாள் வரல?"

"சிலந்திக்கு யாரு தாயி ஆஸ்பத்திரி வருவா? தானாப் பழுத்து ஒடையும். எப்பவும் அப்படித்தான். இந்தத் தடவ மாத்திர தின்னேன், அதுவும் கேக்கல."

மரத்துப்போக ஊசி போட்டுக் கீறிவிட்டார்கள். அரைமணி நேரத்துக்குள் கட்டுப் போட்ட கையோடு சித்தி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரைக்குத் தனியாக மாத்திரை. திங்கட்கிழமை திரும்பி வரச் சொன்னார்கள்.

ஒச்சப்பன் அண்ணன் செந்திலுக்குப் போன் போட்டு, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். சித்தி இடது கையால் போனை வாங்கி ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"அம்மா." செந்திலின் குரல் இறங்கியிருந்தது. "எனக்குச் சிலந்தின்னா பூச்சின்னுதாம்மா தெரியும்."

"தெரியுது. பள்ளிக்கொடத்துக்கு அனுப்புனவ நாந்தான். ஒன்னய என்ன சொல்ல?"

பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

"அந்தப் பூச்சி இருக்கட்டும்மா," என்றான் செந்தில். "அந்தத் தம்பியே கடிக்கும்னு சொல்றாரு."

"அவரு கடிக்கும்னுதான் சொல்றாரு. இம்புட்டு வருசத்துல கடிக்கலன்னு நான் சொல்றேன். பொந்துக்குள்ள கைய விட எனக்கென்ன கிறுக்கா? அது மேல கெடக்கு, நான் கீழ கெடக்கேன். ஒனக்குப் பயமா இருந்தா பயந்துக்க. மரத்த வெட்டாத."

"சரிம்மா."

"என்ன சரி?"

"வெட்டல."

"மாசிக் கடைசில உலுக்கணும். இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் ஆள் பிடிக்க அலைய முடியாது. லீவு போட்டு வந்து நீயே உலுக்கு. எத்தன நாளு திருப்பூர்லருந்தே மரத்த ஆட்டுவ?"

செந்தில் என்ன சொன்னான் என்று காதில் விழவில்லை. அப்போது ஒரு ஆம்புலன்ஸ் உள்ளே வந்தது. ஆனால் சித்தி போனை ஒச்சப்பன் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, "மிஷின்காரர்ட்ட சொல்லு, கெளம்பட்டும்," என்றார். அது போதுமானதாக இருந்தது.

உலுக்க ஏறுகிறவர்களுக்காகப் பொந்தைச் சுற்றிச் சுண்ணாம்பு வட்டம் போடலாமா என்று கேட்டேன். டாரன்டுலாவைப் பிடித்து விற்கிறவனுக்கு வழி காட்டுவதுபோல ஆகிவிடும் என்றான் பாபு. மஞ்சள் துணி கட்டலாம் என்றதற்கு ஒச்சப்பன் அண்ணன், "கட்டுனா அடுத்த வாரம் சாமியாயிரும் தம்பி. அப்புறம் புளி உலுக்க விடமாட்டாங்ஞ," என்றார். கடைசியில் சித்தி, ஏறுகிறவனிடம் தானே வாயால் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்.

"நீயும் உலுக்குற அன்னைக்கு வாப்பா. படம் பிடிச்ச மாதிரியும் ஆச்சு, புளி பொறுக்குன மாதிரியும் ஆச்சு."

வருவதாகச் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. பாபு படத்தைக் கணினியில் போட்டு நிழலைக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்பதாகச் சொன்னான். பார்க்கலாம். அதுவரை நான் எழுத முடிந்தது பொயிசிலோத்தீரியா என்ற பேரினப் பெயர் மட்டும். வகை தெரியவில்லை. முன்னங்கால் அடி மஞ்சள், கறுப்புப் பட்டையோடு. வயிற்று அடி பார்க்கப்படவில்லை. இடம், மதுரைக்கு மேற்கே மானாவாரி நிலம். இரண்டு நாள் தூக்கம் கெட்டதற்கு இது குறைவுதான். சட்டையைத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டப்போகிறேன். அவரும் வயிற்றைக் காட்டு என்றுதான் சொல்வார். இனி மாசி முடிய வேண்டும்.

ஆரப்பாளையத்தில் பாபுவை விட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சோழவந்தானில் எங்கள் வீடு கொடிக்காலை ஒட்டியது. அப்பாவும் அம்மாவும் வெற்றிலை கிள்ளிக் கட்டும் வேலை. அம்மா முற்றத்தில் ஈரச்சாக்கு விரித்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கே போனாய், போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். டாரன்டுலாவிலிருந்து தொடங்கினால் இரவாகிவிடும் என்று கதையைக் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன்.

"உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அம்மாவுக்குக் கையில சிலந்திம்மா."

அம்மா வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பழுத்து ஒடஞ்சிருச்சா?" என்றாள்.